எட்டு ஆண்டுக் கணக்கைத் தாங்கும் தரவுத்தளம் எது?

கோயம்புத்தூரையோ ஈரோட்டையோ மையமாகக் கொண்டு, மூன்று குடோன்களும் நாற்பது கணினிகளும் வைத்து, மளிகைப் பொருள்களை மொத்தமாக வாங்கிச் சில்லறைக் கடைகளுக்கு விநியோகிக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். பில் போடுவது, சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி, ஜிஎஸ்டி ஆகிய நான்கையும் ஒரே மென்பொருளுக்குள் கொண்டுவர முடிவு செய்து, அதை எழுதித் தர ஒரு குழுவையும் அந்த நிறுவனம் அமர்த்திவிட்டது. அந்த மென்பொருளின் அடியில் எந்த உறவுசார் தரவுத்தளம் (தரவைத் தொடர்புள்ள அட்டவணைகளாக வைத்திருக்கும் மென்பொருள்) இருக்க வேண்டும் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. களத்தில் இருப்பவை ஆரக்கிள், மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், அதிலிருந்து பிரிந்த மரியாடிபி, போஸ்ட்கிரெஸ் ஆகிய ஐந்தும். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையே இவை எல்லாவற்றுக்கும் மூலம் என்பதாலும், தரவைக் கேட்கவும் மாற்றவும் உதவும் எஸ்க்யூஎல் மொழியே எல்லாவற்றுக்கும் பொது என்பதாலும், அன்றாடத் தேவைகளில் பெரும்பகுதியை இவற்றுள் எதுவும் நிறைவேற்றும். வேறுபாடு தெரிவது ஓரங்களில்தான். ஆனால் பணமும் தலைவலியும் சேர்வது அந்த ஓரங்களில்தான்.

பேச்சு வழக்கமாக வேகத்தில் தொடங்கும். இந்த நிறுவனத்துக்கு அது தேவையற்ற தொடக்கம் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். நாளொன்றுக்கு 1,500 பில், ஒரு பில்லில் சராசரியாக 6 வரிகள் என்றால் நாளுக்கு 9,000 வரிகள். ஆண்டுக்கு 300 வேலைநாள் எனக் கொண்டால் 27 லட்சம் வரிகள். கம்பெனிகள் சட்டம், 2013-இன் 128-ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்குக் குறையாமல் பாதுகாக்கச் சொல்வதால், எட்டால் பெருக்கினால் 2.16 கோடி வரிகள் வருகின்றன. வரிக்கு 250 பைட் என்று வைத்தால் 5.4 ஜிபி, தேடலுக்கான இன்டெக்ஸ்கள் ஏறக்குறைய அதே அளவு இடத்தைப் பிடிக்கும் என்பதால் மொத்தம் 11 ஜிபி அளவில் நிற்கும். 32 ஜிபி நினைவகம் உள்ள சாதாரணச் சர்வர் ஒன்றில் முழுத் தரவும் நினைவகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மேற்கண்ட ஐந்தில் எதை வைத்தாலும் பில் திரையில் வேக வித்தியாசம் தெரியப்போவதில்லை. தெரிந்தால் அது பெரும்பாலும் இன்டெக்ஸ் சரியாக வைக்கப்படாததன் விளைவாகவே இருக்கும். ஆனாலும் அந்த 11 ஜிபி என்ற எண்ணை நினைவில் வைத்திருப்பது நல்லது. உரிமங்களைப் பற்றிப் பேசும்போது அது தேவைப்படும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தேர்வு செய்யும் உரிமை நம் கையில் இருக்கிறதா என்பது. நிறுவனத்தின் பணிகளையெல்லாம் ஒன்றிணைக்கும் ஆயத்த ஈஆர்பி மென்பொருளை வாங்குவதாக இருந்தால், அதனுடனேயே தரவுத்தளமும் முடிவாகிவிடும். ஓடூ போஸ்ட்கிரெஸில் மட்டுமே இயங்கும். ஈஆர்பிநெக்ஸ்ட்டின் இயல்பான இடம் மரியாடிபி. சாப் பிசினஸ் ஒன், எஸ்க்யூஎல் சர்வரிலோ சாப்பின் சொந்த ஹானாவிலோ இயங்கும். மைக்ரோசாஃப்ட் பிசினஸ் சென்ட்ரலுக்கு எஸ்க்யூஎல் சர்வர்தான். டாலி தனக்கென ஒரு சொந்த வடிவில் தரவை வைத்துக்கொள்கிறது. அங்கே இந்த விவாதமே எழாது. இந்தப் பட்டியலில் உள்ள ஒன்றை வாங்கிவிட்டு, அடியில் உள்ள தரவுத்தளத்தை மட்டும் மாற்ற முயல்வது வீண்வேலை. இனி வருபவை சொந்தமாக மென்பொருள் எழுதுவோருக்கே உரியவை.

உரிமக் கட்டணம்

ஆரக்கிளை முதலிலேயே ஒதுக்கிவிடுவது நியாயமாகத் தோன்றாமல் போகலாம்; தொழில்நுட்பத்தில் அதற்குக் குறையொன்றும் இல்லை. 1979-இல் வணிகச் சந்தைக்கு வந்து, வங்கிகளையும் தொலைத்தொடர்பு நிறுவனங்களையும் இன்றளவும் தாங்கி நிற்கும் அமைப்பு அது. ஆனால் அதன் வெளியிடப்பட்ட விலைப்பட்டியலில் என்டர்பிரைஸ் பதிப்பு ஒரு ப்ராசசருக்கு 47,500 டாலர். இன்டெல் வகைச் சிப்களில் இரண்டு கோர்கள் (சிப்புக்குள் இருக்கும் கணிப்பு அலகுகள்) ஒரு ப்ராசசராகக் கணக்கிடப்படுவதால், எட்டு கோர் சர்வருக்கு 1,90,000 டாலர் ஆகும். சிறிய நிறுவனங்களுக்கான ஸ்டாண்டர்டு எடிஷன் 2, ஒரு சாக்கெட்டுக்கு (சிப் பொருந்தும் இடத்துக்கு) 17,500 டாலர். அதன்மேல் ஆண்டுதோறும் 22 விழுக்காடு ஆதரவுக் கட்டணம், அதாவது 3,850 டாலர். தள்ளுபடி கிடைக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஆதரவுக் கட்டணம் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும். இவற்றைவிடக் கவலை தருவது வேறொன்று. சர்வரில் நிறுவும்போதே எல்லா வசதிகளும் உள்ளே வந்துவிடுகின்றன; பயன்படுத்தினால் மட்டுமே தனிக் கட்டணம் விழும். செயல்திறன் வரலாற்றைக் காட்டும் ஒரு வியூவை அனுபவமில்லாத பணியாளர் ஒருவர் திறந்து பார்த்தாலும், தனி உரிமம் வேண்டிய டயக்னாஸ்டிக்ஸ் பேக்கைப் பயன்படுத்தியதாக அமைப்பு பதிவு செய்துகொள்ளும். உரிமத் தணிக்கை வரும்போது அந்தப் பதிவு பேசும். உரிம விதிகளைக் கவனிப்பதற்கென்றே ஆள் வைக்க முடியாத நிறுவனத்துக்கு இது பொருந்தாத இடம்.

எஸ்க்யூஎல் சர்வரின் கணக்கு எளிமையானது. 2022 பதிப்பின் அமெரிக்க விலைப்பட்டியல்படி ஸ்டாண்டர்டு பதிப்பை இரண்டு விதமாக வாங்கலாம்: இரண்டு கோர்களுக்கு 3,945 டாலர் வீதம், குறைந்தது நான்கு கோர்களுக்கு 7,890 டாலர், அல்லது சர்வருக்கு 989 டாலரும் பயனர் ஒருவருக்கு 230 டாலரும். பெருக்கிப் பார்த்தால் முப்பது பயனர்களில் இரண்டு வழிகளும் சமமாகிவிடுகின்றன. நாற்பது கணினி உள்ள நமது நிறுவனத்துக்குக் கோர் கணக்கே இலாபம். நடுவில் ஒரு வெப் சர்வரை வைத்து நாற்பது பேரையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்தால் ஒரு பயனர் உரிமம் போதும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. நடுவில் எத்தனை அடுக்கு இருந்தாலும் கடைசியில் அமர்ந்திருக்கும் மனிதர்களைத்தான் மைக்ரோசாஃப்டின் விதி எண்ணுகிறது.

இந்தக் கட்டணத்தைத் தவிர்க்க நம்மூரில் பெரும்பாலும் நாடப்படுவது இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பு. 2022 பதிப்பு வரை ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்பதே அதன் எல்லை. மேலே கணக்கிட்ட 11 ஜிபி அதில் அடங்காது. முதல் ஏழு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இருக்காது. எல்லையைத் தொட்ட நாளில் கோப்பு வளர மறுக்கும், புதிய பில் ஏறாது. அதைச் சமாளிக்க நிதியாண்டுக்கு ஒரு தரவுத்தளம் எனப் பிரித்து வைப்பார்கள். பிறகு ஒரு கடைக்காரரின் மூன்றாண்டுப் பாக்கியைப் பார்க்க மூன்று தரவுத்தளங்களைத் திறக்க வேண்டியிருக்கும். 2025 பதிப்பில் இந்த எல்லை 50 ஜிபி-யாக உயர்த்தப்பட்டிருப்பதால் இந்தத் தடை பெருமளவு விலகிவிட்டது. ஆனால் நினைவகத்துக்கான வரம்பு தொடர்கிறது. குறித்த நேரத்தில் பேக்கப் எடுக்கும் ஏஜென்ட்டும் எக்ஸ்பிரஸில் கிடையாது. விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு ஸ்கிரிப்டை எழுதி வைக்க வேண்டும். அது நின்றுபோனால் யாருக்கும் தகவல் வராது.

போஸ்ட்கிரெஸுக்கும் மரியாடிபிக்கும் மைஎஸ்க்யூஎல்லின் சமூகப் பதிப்புக்கும் உரிமக் கட்டணமே இல்லை. செலவு வேறு உருவில், ஆள் சம்பளமாக வரும். அதைப் பின்னர் பார்ப்போம்.

திருத்தப் பதிவு

பொதுவான ஒப்பீடுகளில் பெரும்பாலும் இடம்பெறாத, ஆனால் இந்தியக் கம்பெனி ஒன்றுக்கு மிக முக்கியமான ஒரு வேறுபாடு இங்கே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கணக்குப் புத்தகங்களை மென்பொருளில் பராமரிக்கும் ஒவ்வொரு கம்பெனியும், ஒவ்வொரு பரிவர்த்தனையின் தடத்தையும் பதிவு செய்து, எந்த மாற்றம் எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்ற திருத்தப் பதிவையும் உருவாக்கி, அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாதபடி அமைந்த மென்பொருளைத்தான் பயன்படுத்த வேண்டும். அவ்வாறு செய்யப்பட்டிருக்கிறதா என்பதை ஆடிட்டர் தமது அறிக்கையில் தனியாகக் குறிப்பிட வேண்டும். கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் தனியுரிமை வணிகங்களுக்கும் இந்த விதி இல்லை. நாம் எடுத்துக்கொண்ட பிரைவேட் லிமிடெட்டுக்கு உண்டு.

பில் திரையில் யார் எதைத் திருத்தினார் என்பதை மென்பொருள் எழுதும் குழு எளிதாகப் பதிவு செய்துவிடும். சிக்கல் திரைக்குக் கீழே இருக்கிறது. நிர்வாகி ஒருவர் நேராகத் தரவுத்தளத்துக்குள் நுழைந்து ஓர் அப்டேட் கட்டளையைக் கொடுத்தால், திரை எதையும் அறியாது. முதலாண்டு ஆடிட் அறிக்கைகளில், மென்பொருள் அளவில் திருத்தப் பதிவு இருந்தும் தரவுத்தள அளவில் நேரடி மாற்றங்களுக்கு அது இயக்கப்படவில்லை என்ற குறிப்பு பெரிய நிறுவனங்களுக்குக்கூட விழுந்தது. ஆகவே தரவுத்தளமே அந்தத் தடத்தை வைத்துக்கொள்ள முடியுமா, அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறதா என்பது தேர்வை நேரடியாகத் தொடுகிறது.

இந்த இடத்தில் எஸ்க்யூஎல் சர்வரே முன்னிற்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். ஓர் அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் பழைய வடிவங்களைத் தானாகவே சேமித்து வைக்கும் டெம்போரல் அட்டவணைகள் 2016 பதிப்பிலிருந்தே அதில் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு நாளில் ஒரு பில் எப்படி இருந்தது என்று நேராகக் கேட்க முடியும். 2022 பதிப்பில் வந்த லெட்ஜர் அட்டவணைகள் ஒருபடி மேலே போய், நிர்வாகியே கோப்பை நோண்டினாலும் பிறகு கண்டுபிடிக்கக்கூடியபடி ஹாஷ் சங்கிலியால் (ஒவ்வொரு பதிவின் கணித முத்திரையும் அடுத்ததோடு பிணைந்த தொடரால்) பதிவுகளைக் கட்டிவைக்கின்றன. மரியாடிபியும் 2018-இல் வந்த 10.3 பதிப்பிலிருந்து வரிகளின் வரலாற்றைத் தானாக வைத்துக்கொள்ளும் வசதியைத் தருகிறது. கட்டளைகளைப் பதிவு செய்யும் ஆடிட் செருகுநிரலும் இலவசமாகவே அதனுடன் வருகிறது.

மைஎஸ்க்யூஎல்லின் நிலை இங்கே நெருடலானது. ஆரக்கிள் வழங்கும் ஆடிட் வசதி கட்டணம் செலுத்தும் என்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே உண்டு. 1995-இல் சுவீடனில் பிறந்த மைஎஸ்க்யூஎல்லை 2008-இல் சன் நிறுவனம் வாங்கியது. சன்னை ஆரக்கிள் 2010-இல் வாங்கி முடித்தது. அந்தக் கைமாற்றத்தை எதிர்பார்த்தே மைஎஸ்க்யூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் மரியாடிபியைப் பிரித்துக்கொண்டு போனார். இன்று இரண்டுக்கும் இடையே தேர்வு செய்யும்போது, எந்த வசதி கட்டணச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது.

போஸ்ட்கிரெஸில் வரி வரலாறு தானாக வருவதில்லை. அதற்கு ட்ரிக்கர் எழுத வேண்டும்: ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய வரியையும் புதிய வரியையும், செய்தவர் யார், எப்போது செய்தார் என்பதையும் ஒரு தனி அட்டவணையில் சேர்க்கும் சிறு நிரல் அது. பிஜிஆடிட் என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால் கட்டளைகளும் பதிவாகும். ஆனால் உச்ச அதிகாரம் உள்ள பயனர் ஒருவர் ட்ரிக்கரை நிறுத்திவிட்டு வேலையை முடித்து மீண்டும் இயக்க முடியும் என்பதால், பிஜிஆடிட்டின் பதிவுகளை அந்த நிர்வாகியின் கைக்கு எட்டாத வேறொரு கணினிக்கு அவ்வப்போது அனுப்பி வைக்க வேண்டும். செய்யக்கூடியதே, ஆனால் யாராவது உட்கார்ந்து செய்ய வேண்டும்.

தவறான தரவை மறுக்கும் திறன்

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றியமைக்கப்பட்டபோது, மளிகை விநியோகத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஒரே இரவில் விலைப்பட்டியலைத் திருத்த வேண்டியிருந்தது. நெய்யை எடுத்துக்கொள்வோம், 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காட்டுக்கு இறங்கியது. விகித அட்டவணையில் நெய்க்கான பழைய பதிவு செப்டம்பர் 21-இல் முடிய வேண்டும், புதிய பதிவு 22-இல் தொடங்க வேண்டும். பழைய பதிவை மூட மறந்துவிட்டுப் புதியதைச் சேர்த்தால், 22-ஆம் தேதி காலை நெய்க்கு இரண்டு விகிதங்கள் இருக்கும். எது முதலில் கண்ணில் படுகிறதோ அதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் தேதி வரம்பு என்பதே ஒரு தரவு வகை. ஒரே பொருளுக்கு இரண்டு தேதி வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடாது என்ற கட்டுப்பாட்டை அட்டவணையிலேயே எழுதிவைக்கலாம். மறந்தவரின் கட்டளையை அது ஏற்க மறுத்து, எந்தப் பதிவோடு மோதுகிறது என்பதையும் காட்டிவிடும். 2025-இல் வந்த 18-ஆம் பதிப்பில் இதை, ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியிலேயே சொல்லிவிட முடிகிறது. மரியாடிபியிலும் 10.5 பதிப்பிலிருந்து இதற்கு இணையான கட்டுப்பாடு உண்டு. மற்ற மூன்றில் இதே காவலை ட்ரிக்கராகவோ மென்பொருளிலோ எழுத வேண்டும். எழுதினாலும், இரண்டு பேர் ஒரே நொடியில் சேமிக்கும்போது அது தவறாமல் நிற்கிறதா என்று தனியே சோதிக்க வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் இவ்விஷயத்தில் வெகுகாலம் தாராளமாக இருந்தது. 2015-இல் வந்த 5.7 பதிப்புக்கு முன், நீளம் மீறிய பெயரை இயல்பாகவே வெட்டிச் சேமித்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையோடு நகர்ந்துவிடும். தள்ளுபடி பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது என்பது போன்ற செக் கட்டுப்பாடுகளை, 2019-இல் வந்த 8.0.16 வரை, பிழை சொல்லாமல் வாங்கிக்கொண்டு செயல்படுத்தாமல் விட்டுவிடும். இன்றைய பதிப்புகளில் இவை சரியாகிவிட்டன என்பதால் பழைய குறைகளைச் சொல்லியே அதை ஒதுக்குவது நேர்மையாகாது. பழைய மைஎஸ்க்யூஎல்லில் பத்தாண்டு ஓடிய தரவைப் புதிய அமைப்புக்குக் கொண்டுவருவோர் மட்டும், உள்ளே '0000-00-00' என்ற தேதிகளும் பாதியில் வெட்டுண்ட பெயர்களும் காத்திருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்க வேண்டும்.

அட்டவணை அமைப்பை மாற்றுவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் பத்து அட்டவணை மாற்றங்களை ஒரே பரிவர்த்தனைக்குள் (முழுதாக நடக்கும் அல்லது முழுதாக ரத்தாகும் கட்டளைத் தொகுப்புக்குள்) வைத்து, ஏழாவதில் பிழை வந்தால் மொத்தத்தையும் பின்வாங்கிக்கொள்ள முடியும். மைஎஸ்க்யூஎல்லும் ஆரக்கிளும் அமைப்பு மாற்றம் ஒவ்வொன்றையும் உடனே நிலைப்படுத்திவிடுவதால், ஏழாவதில் நின்றால் ஆறு மாற்றங்கள் நடந்த அரைகுறை நிலையிலேயே மறுநாள் கடை திறக்க வேண்டியிருக்கும். வரி விதிகள் அடிக்கடி மாறும் நாட்டில் இது சிறிய விஷயமல்ல.

பில் திரையைத் திறந்து ஒரு பொருளின் இருப்பைக் குறைத்துவிட்டு, சேமிக்காமலேயே ஒருவர் சாப்பிடப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். நன்றாக எழுதப்பட்ட மென்பொருள் பரிவர்த்தனையை இப்படித் திறந்து வைக்காது. ஆனால் நன்றாக எழுதப்படாதவையே மிகுதி. அதே பொருளின் இருப்பை மாற்ற வருபவர் எந்தத் தரவுத்தளத்திலும் காத்திருக்கத்தான் வேண்டும். இருப்பைப் பார்க்க மட்டும் வருபவரின் கதி மாறுபடுகிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, ஆரக்கிள் நான்கும் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட பழைய எண்ணைக் காட்டி அவரை அனுப்பிவிடும். சொந்த இயந்திரத்தில் நிறுவப்படும் எஸ்க்யூஎல் சர்வர் இயல்பான அமைப்பில் அவரையும் நிறுத்திவைக்கும். அறிக்கைத் திரை உறைந்து நிற்கும், சாப்பிடப் போனவரைத் தேட வேண்டியதுதான். ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் இது தீர்ந்துவிடும் என்பதை அறியாமலே பல ஆண்டுகள் ஓட்டுவோர் உண்டு. போஸ்ட்கிரெஸில் வேறு வகைச் சங்கடம்: அந்தப் பரிவர்த்தனை முடியும்வரை வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய வரிகளை அகற்ற முடியாது, அட்டவணை வீங்கத் தொடங்கும். சும்மா கிடக்கும் பரிவர்த்தனையைக் குறித்த நிமிடங்களுக்குப் பின் துண்டிக்கும் அமைப்பு அதில் இருக்கிறது. முதல் நாளே அதை வைத்துவிட வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள்

கடைக்காரர்களின் பெயரைத் தமிழிலேயே பதிந்து தமிழிலேயே பில் தர விரும்பும் நிறுவனம் இன்னும் சிலவற்றைச் சோதிக்க வேண்டும். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நம் கண்ணுக்கு எட்டு எழுத்துகள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில் 15 குறியீடுகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 45 பைட். ஆரக்கிளில் பெயருக்கு முப்பது என்று நீளம் கொடுத்தால் இயல்பில் அது முப்பது பைட். ஆகவே கிருஷ்ணமூர்த்தி உள்ளே நுழைய முடியாமல் ஓஆர்ஏ-12899 என்ற பிழை வரும். நீளத்தை எழுத்துக் கணக்கில் சொல்ல அங்கே வழி உண்டு, கேட்டுப் பெற வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் இயல்பான அமைப்பில், யூனிகோடு எழுத்துகளுக்கான என்வார்சார் வகையைப் பயன்படுத்தாமலோ, கட்டளையில் பெயருக்கு முன் 'என்' முன்னொட்டைப் போடாமலோ விட்டால் பிழை எதுவும் வராது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் சேமிக்கப்படும். பிழை சொல்லி மறுப்பதைவிட இது மோசமானது, ஏனெனில் போன பெயரை மீட்க வழியில்லை.

அகரவரிசை இன்னொரு சிக்கல். யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் வருவதால், அகராதி முறைப்படி முன்னே வர வேண்டிய அன்பு, அனிதாவுக்குப் பின்னே போய்விடும்; இறுதியில் வர வேண்டிய னகரம் பகரத்துக்கு முன் வந்து நிற்கும். போஸ்ட்கிரெஸில் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து ஐசியூ என்ற மொழிவாரி நிரல் நூலகத்தின் தமிழ் வரிசையை ஒரு நெடுவரிசைக்கு மட்டும்கூடப் பொருத்தலாம். எஸ்க்யூஎல் சர்வரில் இந்திய மொழிகளுக்கான பொது வரிசை ஒன்று இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் சிங்களத்துக்கெனத் தனி வரிசை உண்டு, தமிழுக்கென இல்லை. எதைத் தேர்ந்தாலும், சொந்த வாடிக்கையாளர்களில் ஐம்பது பெயரை அடுக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

பேக்கப்பும் ஆளும்

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் போஸ்ட்கிரெஸின் தரவுக் கோப்புறையை அழித்துவிட்டார். ஐந்து வகைப் பேக்கப், பிரதி ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் முறையாகக் கைகொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று, சர்வரின் பதிப்போடு பொருந்தாத பழைய கருவியைக் கொண்டு ஓடியதால் வெகுநாளாக ஓசையின்றித் தோற்றுக்கொண்டிருந்தது. ஆறு மணி நேரத் தரவு போயிற்று. தொழில்நுட்பமே தொழிலான நிறுவனத்தின் கதை இது. குறித்த நிமிடத்துக்குத் தரவை மீட்டெடுக்கும் வசதி ஐந்து தரவுத்தளங்களிலும் இருக்கிறது என்பதால் வசதிப் பட்டியலை ஒப்பிட்டுப் பயனில்லை. மீட்டெடுப்பை யார் செய்வார், கடைசியாக எப்போது செய்து பார்த்தார் என்பதே கேள்வி. எஸ்க்யூஎல் சர்வரில் இந்த வேலையைத் திரையில் பொத்தான்களை அழுத்தியே செய்துவிடலாம். ஆள் பலம் குறைந்த நிறுவனத்துக்கு அது உண்மையான வசதி. ஆனால் அங்கேயும், முழு மீட்பு நிலையில் வைத்துவிட்டு லாக் (மாற்றங்களின் தொடர் பதிவு) பேக்கப் எடுக்க மறந்தால் லாக் கோப்பு வளர்ந்து வட்டை நிரப்பிவிடும்.

மின்வெட்டுக்கும் இதில் பங்கு உண்டு. பரிவர்த்தனை முடிந்தது என்று சொல்வதற்கு முன் பதிவை வட்டில் எழுதிவிடுவதே எல்லாவற்றின் இயல்பு. வேகத்துக்காக மைஎஸ்க்யூஎல்லில் அப்படி வட்டில் எழுதுவதை நொடிக்கு ஒருமுறை என்று தளர்த்தச் சொல்லும் ஆலோசனைகள் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. யூபிஎஸ் பேட்டரி மாற்றப்படாத குடோனில் அந்த ஆலோசனையை ஏற்றால், அச்சடித்து வண்டியில் ஏற்றிய பில் தரவுத்தளத்தில் இல்லாமல் போகலாம்.

ஆயுளில் எஸ்க்யூஎல் சர்வருக்கு நல்ல மதிப்பெண் தர வேண்டும்: ஒரு பதிப்புக்குப் பத்தாண்டு ஆதரவு. போஸ்ட்கிரெஸ் ஆண்டுதோறும் ஒரு பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் ஐந்தாண்டு பராமரிக்கிறது. எட்டு ஆண்டில் குறைந்தது ஒருமுறையாவது பதிப்பு மாற்றும் வேலை உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கான ஆதரவு 2026 ஏப்ரலோடு முடிவதாக அறிவிக்கப்பட்டதால், புதிதாகத் தொடங்குவோர் 8.4-இலிருந்து தொடங்குவதே முறை.

இவற்றையெல்லாம் கவனிக்க ஆளில்லை என்றால், தரவுத்தளத்தை இணையம் வழியே நடத்தித் தரும் மேகச் சேவை இருக்கிறது. பேக்கப்பும் பதிப்பு மாற்றமும் பெரும்பாலும் சேவை தருபவரின் பொறுப்பு. அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்குச் சென்னையிலேயும் தரவு மையங்கள் உள்ளன. கணக்குகளை வெளிநாட்டில் வைத்தால், நாள்தோறும் அதன் பேக்கப்பை இந்தியாவிலுள்ள சர்வரில் வைக்க வேண்டும் என்பது 2022 ஆகஸ்ட் முதல் விதி; மாதம் சில டாலர் குறைகிறது என்று சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்தால் அந்த வேலையும் கூடவே வரும். குடோனில் இணையம் அறுந்தால் பில் நின்றுவிடும் என்பதால் இரண்டாவது இணைப்பின் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எனது தீர்ப்பு இதுதான். இந்த நிறுவனத்துக்குப் போஸ்ட்கிரெஸையே பரிந்துரைப்பேன்: தவறான தரவை மறுப்பதில் அது மிகக் கண்டிப்பானது, கோருக்கும் பயனருக்கும் கட்டணம் இல்லை, எட்டாம் ஆண்டில் மோதக்கூடிய அளவு எல்லையும் இல்லை. திருத்தப் பதிவுக்கான ட்ரிக்கரையும் பிஜிஆடிட்டையும் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும், பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அமர்த்தப்பட்ட குழு மைக்ரோசாஃப்டின் டாட்நெட் நிரலாக்கத்திலேயே வளர்ந்ததாகவும், நிறுவனத்தில் தரவுத்தளம் தெரிந்த ஒருவர்கூட இல்லாமலும் இருந்தால் என் பரிந்துரை எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு மாறும்; 7,890 டாலரை எட்டு ஆண்டுக்குப் பிரித்தால், ஒரு முழுநேர நிர்வாகியின் சம்பளத்தோடு ஒப்பிடும்போது அது பெரிய தொகையல்ல. எக்ஸ்பிரஸில் தொடங்கி ஸ்டாண்டர்டுக்கு நகர்வதும் அங்கே எளிது. மரியாடிபி, ஈஆர்பிநெக்ஸ்ட் வைத்திருப்போருக்கும் பிஹெச்பி என்ற நிரல் மொழியில் ஏற்கெனவே நன்கு ஓடும் மென்பொருள் உள்ளோருக்கும் பொருத்தமானது. ஓடுவதைப் பிடுங்கி எறிய மேலே சொன்னவற்றில் எதுவும் போதிய காரணமாகாது.

விநியோக வண்டியில் செல்பவரின் கைக்கருவிக்கு இவை எதுவும் வேண்டாம். இணையம் இல்லாத இடத்திலும் ஆர்டர் எடுக்க எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளம் போதும். அது ஒரே கோப்பு, யாரும் தாராளமாகப் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து, எந்த உரிமமும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே எழுத முடியும் என்ற அதன் வரம்பு, ஒருவர் மட்டுமே வைத்திருக்கும் கருவியில் குறையாகாது. மாலையில் வண்டி குடோனுக்குத் திரும்பியதும் அந்த ஆர்டர்கள் மையத் தரவுத்தளத்துக்கு ஏறட்டும். ஒரே ஆர்டர் இருமுறை ஏறாமலிருக்க, அதன் எண்ணைக் கருவியிலேயே தனித்துவமாக உருவாக்கிக்கொள்ளும் ஏற்பாட்டை மட்டும் குழுவிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட வேண்டும்.